எந்த ஸ்மித் உங்கள் ஸ்மித்? கொல்லன் பெயரைத் தாங்கிய குடும்பங்களின் வேர் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். குடும்பப் பெயர் ஸ்மித். ஒரு மாலை காபிக்குப் போயிருந்தபோது அலுத்துக்கொண்டார்: "முன்னோரைத் தேடலாம் என்று பெயரைக் கணினியில் அடித்தேன். லட்சக்கணக்கில் வந்து கொட்டுகிறது. இதில் எந்த ஸ்மித் என் ஸ்மித்?"

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். கொல்லனின் பெயரைச் சுமப்பவர்களின் கூட்டத்தில் ஒரே ஒரு ஸ்மித்தைத் தேடுவதும் அந்த மாதிரி வேலையாகத்தான் முதலில் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் அவரோடு உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டிய பிறகு, வழி இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருக்கிறோம். நாங்கள் தட்டித் தடுமாறிப் போன வழியை மற்றவர்கள் நேராகப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற பெயரோடு 24 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 1853இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுத்துறை போட்ட கணக்குப்படி அங்கே ஸ்மித்துகள் இரண்டரை லட்சத்துக்கு மேல்; 73 பேரில் ஒருவர். ஆகவே தேடலின் முதல் விதி, ஸ்மித்தைத் தேடாதீர்கள் என்பதே. ஸ்மித்தைச் சுற்றி நின்றவர்களைத் தேடுங்கள்: அவர் மனைவியின் பிறந்த வீடு, திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அவர் செய்த தொழில், அவர் இருந்த ஊர். கீழே வரும் எல்லாப் படிகளும் இதன் விரிவுதான்.

முதல் படி: பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பழைய ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் உலோகத்தில் வேலை செய்பவர். நம் ஊர்க் கொல்லர் செய்ததைத்தான் அங்கேயும் செய்தார்: உழவனுக்குக் கொழு, அறுவடைக்குக் கதிர் அரிவாள், கதவுக்குக் கீல், குதிரைக்கு லாடம், எல்லாவற்றுக்கும் ஆணி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பட்டறை வேண்டும். பெரும்பாலும் ஒன்று போதும். ஊரில் உழவர் நாற்பது பேர் இருந்தால் உழவன் என்று சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. கொல்லர் ஒருவரே இருப்பதால் "கொல்லன் ஜான்" என்றால் எல்லோருக்கும் புரியும். பயிர்த்தொழிலில் அத்தனை பேர் இருந்தும் அதன் பெயர் பின்தங்கி, ஊருக்கு ஒருவரான கொல்லரின் பெயர் முன்னுக்கு வந்ததன் ரகசியம் இதுதான். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், அந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது. ஸ்மித்துகள் எல்லோருக்கும் பொதுவான மூதாதை என்று யாரும் கிடையாது.

போருக்குப் போகாமல் பட்டறையிலேயே இருந்ததால் கொல்லர்கள் உயிர் பிழைத்துப் பெருகினார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. நான் நம்பவில்லை. படை நகர்ந்தால் லாடம் கட்டவும் ஆயுதம் செப்பனிடவும் முதலில் கூப்பிடுவது கொல்லரைத்தான்.

இனிஷியல் போட்டுப் பழகிய நமக்குக் குடும்பப் பெயரில் ஒரு விஷயம் சட்டென்று பிடிபடாது. அப்பா பெயர் நமக்கு ஒரு தலைமுறை வரும். அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். அங்கே அது ஒட்டிக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டு நடுவில் அந்த ஒட்டல் நடந்துகொண்டிருந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று வரி வசூலித்த பட்டியல்களில் பலருடைய தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருப்பவரும், பெயரில் மட்டும் தொழில் மிஞ்சியவரும் அவற்றில் அடுத்தடுத்து வருகிறார்கள். அதற்குச் சில தலைமுறைகள் கழித்து வந்த ஸ்மித் தறி நெய்திருக்கலாம், மாடு மேய்த்திருக்கலாம். பெயரை வைத்துத் தொழிலை முடிவு செய்யாதீர்கள்.

இலத்தீனில் எழுதிய குமாஸ்தாக்கள் அதே ஆளை ஃபாபர் என்று எழுதுவார்கள்; பிரெஞ்சு மணம் வீசும் ஆவணத்தில் ஃபெரர் என்று வருவார். இன்னொரு பொறியும் உண்டு. "கொல்லர் ஜான்" என்று தொழிலைக் குறித்த இடத்தை, பின்னால் அட்டவணை தயாரித்தவர் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருப்பார். அட்டவணையோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பார்த்தால்தான் இது தெரியும்.

இரண்டாம் படி: உங்கள் ஸ்மித் பிறவியிலேயே ஸ்மித்தா?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுபவர்கள்தான் பிறகு வருடக்கணக்கில் தவறான குடும்பத்தின் மரத்தை ஏறுகிறார்கள்.

எழுத்துக் கூட்டலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்மித், ஸ்மித்தே, ஸ்மைத் எல்லாம் பெரும்பாலும் எழுதியவர் கைப்பழக்கம். நீட்டி எழுதினால் உயர்குடி என்ற நினைப்பு பிற்காலத்து வேடிக்கை. ஒரே ஆளின் திருமணம் ஒரு கூட்டலிலும் அடக்கம் இன்னொரு கூட்டலிலும் இருக்கும்.

மொழிபெயர்ப்புதான் பெரிய சிக்கல். அயர்லாந்தில் கேவன் வட்டாரத்து மக் கவன் குடும்பங்கள், கொல்லனின் மகன் என்று பொருள்படும் தங்கள் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கி ஸ்மித் ஆனார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய ஷ்மிட்டுகள் பலர் ஸ்மித் ஆனார்கள்; முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயரோடு நடமாடுவது சங்கடமான பிறகு இது கூடியது. போலந்தின் கோவால்ஸ்கி, ரஷ்யாவின் குஸ்னெட்சோவ், ஹங்கேரியின் கோவாச், இத்தாலியின் ஃபெராரி, பிரான்சின் லெஃபெவ்ர், அரபு நாடுகளின் ஹத்தாத் எல்லாமே இரும்புப் பட்டறையில் பிறந்த பெயர்கள். (விலை உயர்ந்த அந்தச் சிவப்புக் காரும் கடைசியில் நம் கொல்லன் பெயர்தான் என்று சொன்னபோது நண்பர் அரை மணி நேரம் சிரித்தார்.)

பெயரைத் தாமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்க விமானி எலினார் ஸ்மித்தின் தந்தை டாம் வார்ட் மேடைக் கலைஞர். அதே பெயரில் இன்னொரு கலைஞர் இருந்ததால் ஸ்மித் என்று மாற்றிக்கொண்டார். 2010 கணக்கெடுப்பில் அமெரிக்க ஸ்மித்துகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் கறுப்பினத்தவர். அவர்களுடைய தேடலுக்கு 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே வாசல். விடுதலை பெற்ற அடிமைகளைப் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும்.

கூட்டுப் பெயர் கிடைத்தால் உங்களுக்கு நல்ல காலம். ஆரோஸ்மித் அம்பு முனை அடித்தவர். ஷூஸ்மித் லாடம் அடித்தவர். நேஸ்மித் கத்தி செய்தவர். சிக்ஸ்ஸ்மித்துக்கும் ஆறு என்ற எண்ணுக்கும் சம்பந்தமில்லை, அரிவாள் செய்தவர். சக்ஸ்மித் கொழு அடித்தவர். இவை அரிதானவை, வட்டாரத்தோடு ஒட்டியவை. தேடல் பாதி முடிந்தது போல.

மூன்றாம் படி: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

புகழ்பெற்ற ஒரு ஸ்மித்திலிருந்து இறங்கி உங்கள் வீட்டுக்கு வர முயலாதீர்கள். உங்களிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்த தேதிகள், கல்லறைக் கல், பென்ஷன் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் படத்தின் பின்பக்கம் என எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள்.

பிறகு அவற்றில் ஸ்மித் அல்லாத பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப் பெற்றோர், சாட்சிகள், நடுப்பெயர்கள். ஆங்கிலக் குடும்பங்களில் தாய்வீட்டுப் பெயரைக் குழந்தைக்கு நடுப்பெயராக வைப்பது சாதாரண வழக்கம். என் நண்பரின் தாத்தாவுக்கு இருந்த விசித்திரமான நடுப்பெயரை யாரோ பாதிரியார் வைத்ததாக வீட்டில் நினைத்திருந்தார்கள். அது கார்ன்வால் பக்கத்துக் குடும்பப் பெயர். லட்சம் ஸ்மித்துகளுக்கு நடுவே ஒரு மாவட்டத்தை அது சுட்டிக் காட்டியது.

நான்காம் படி: இங்கிலாந்துப் பதிவேடுகளில் பின்னோக்கி நடப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது; ஸ்காட்லாந்தில் 1855இல். பணம் கட்டி ஒரே ஒரு சான்றிதழ்தான் வாங்க முடியும் என்றால் திருமணச் சான்றிதழை வாங்குங்கள். மணமக்கள் இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். பிறப்பைத் தேட, பதிவுத்துறையின் சொந்த இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. பழைய அட்டவணைகளில் அது 1911க்குப் பிறகுதான். ஸ்மித் குடும்பத்துக்கு இந்த ஒரு வேறுபாடு ஆயிரம் குழந்தைகளை ஐந்தாகக் குறைத்துவிடும்.

கணக்கெடுப்பில் 1841ஐ நம்பி ஏமாறாதீர்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851 முதல் பிறந்த ஊர் கிடைக்கும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் கிடைக்கும். 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்தது, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு ஓரளவு அடைக்கும். அயர்லாந்துக்காரர்களுக்கு 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ பெரிய இழப்பு. 1901, 1911 கணக்கெடுப்புகள் மட்டும் முழுமையாக மிஞ்சி, இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன.

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். அவை 1538இல் தொடங்கின. ஆனால் எல்லாக் காலத்துப் பதிவும் ஒரே அளவு பேசாது. 1754 முதல் திருமணப் பதிவில் சாட்சிகள் கையெழுத்து உண்டு. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவு அச்சிட்ட படிவத்தில் வருகிறது. அதில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம்தான் நமக்குப் பொக்கிஷம்.

ஓர் ஊரில் 1815 வாக்கில் ஜான் ஸ்மித், மனைவி மேரி என்று மூன்று தம்பதிகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனையான சிக்கல் இல்லை, எங்களுக்கே நேர்ந்தது. அகலமான தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். கூலித் தொழிலாளி ஜான், செருப்புத் தைப்பவர் ஜான், கொல்லர் ஜான் என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு குழந்தையையும் தந்தையின் தொழிலைப் பார்த்து உரிய பத்தியில் போடுங்கள். அடுத்து அடக்கப் பதிவேட்டை எடுத்து, இவற்றில் எந்தக் குழந்தை பால் மணம் மாறாமலே போய்விட்டது என்று பாருங்கள். இந்த வேலையைச் செய்ய மனம் வராமல் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம். "எங்கள் வில்லியம்" என்று ஆறு மாதம் கொண்டாடிய குழந்தை மூன்று வாரத்தில் அடக்கமாகியிருந்ததைக் கடைசியில் கண்டபோது, முப்பது பக்கக் குறிப்பைக் கிழித்துப் போட்டோம்.

ஐந்தாம் படி: உண்மையிலேயே கொல்லராக இருந்தால்

தொழில் கட்டத்தில் கொல்லர் என்று கண்டால் இன்னும் சில கதவுகள் திறக்கும். தொழில் பழக ஏழு ஆண்டு ஒப்பந்தம் என்பது நெடுங்கால வழக்கம்; 1710 முதல் 1811 வரை அந்த ஒப்பந்தங்களில் ஆசானுக்குக் கட்டிய தொகைக்கு அரசு வரி வாங்கியது. அந்த வரிப் பதிவேடுகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உயிலையும் அதனோடு வரும் சொத்துப் பட்டியலையும் விடாதீர்கள். கொல்லர் இறந்தால் பட்டறைக்குள் புகுந்து துருத்தி, பட்டறைக் கல், சம்மட்டி, குறடு, மூலையில் கிடந்த பழைய இரும்பு வரை விலை போட்டு எழுதுவார்கள். துருத்தியும் கல்லும் யாருக்குப் போயின என்று பார்த்தால் தொழிலைத் தொடர்ந்த பிள்ளை யார் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பெயரும் தொழிலும் ஒத்துப்போனதைக் கண்டதும், ஐந்நூறு ஆண்டாக அணையாத உலை என்று புளகாங்கிதம் அடையாதீர்கள். இங்கிலாந்தின் பாறை அடுக்குகளை வரைபடமாக்கி 1815இல் வெளியிட்ட வில்லியம் ஸ்மித், ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துச் சர்ச்சில் என்ற ஊரில் 1769இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர்க் கொல்லர். பொருத்தம் அழகுதான். ஆனால் நாட்டில் கொல்லர்களும் ஏராளம், ஸ்மித்துகளும் ஏராளம். இரண்டும் சில இடங்களில் தற்செயலாகவே சந்திக்கும். பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தின் தந்தை சுங்க அதிகாரி. குண்டூசி செய்வதில் பதினெட்டு வேலைகள் இருப்பதாக 1776இல் அவர் எழுதியது பரம்பரைத் தொழிலறிவால் அல்ல.

பெயர் போய்த் திரும்பிய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். ஹியூ ஸ்மித்சன் என்ற ஆங்கிலேயப் பிரபு, மனைவியின் குலப் பெருமை கருதி 1750இல் ஸ்மித்சனை உதறிவிட்டுப் பெர்சி ஆனார். பிறகு நார்தம்பர்லாந்து கோமகனும் ஆனார். திருமணத்துக்கு வெளியே அவருக்குப் பிறந்த மகன் ஜேம்ஸ், தாயின் பெயரோடு வளர்ந்து, தாய் இறந்த பிறகு தந்தை கழற்றிப் போட்ட ஸ்மித்சனைத் தேடி எடுத்துக்கொண்டார். 1829இல் அவர் இறந்தார். அவருடைய சொத்தைக் கொண்டுதான் 1846இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. கோமகனுக்குக் கூச்சமாக இருந்த கொல்லன் மகன் பெயர் இன்று அத்தனை அருங்காட்சியகங்களின் வாசலில் நிற்கிறது.

ஆறாம் படி: மரபணுச் சோதனை

தந்தை வழியில் மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைச் சோதிக்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்ததில், அரிதான குடும்பப் பெயர் உடைய ஆண்களிடம் இந்தக் குரோமோசோம் பெரிதும் ஒத்துப்போனது. ஸ்மித்துகளிடம் அந்த ஒற்றுமை தெரியவில்லை. எனவே பொதுவாகச் சோதித்துவிட்டுக் காத்திருப்பது காசுக்குக் கேடு. காகிதத்தில் இரண்டு ஸ்மித் குடும்பங்கள் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், இரண்டு பக்கத்து ஆண்களையும் சோதித்து அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தடம் சென்னைக்கு வந்தால்

புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டின் முதல் வரி, பிற்பாடு சென்னை ஆளுநரான எலிஹு யேலுடையது. சென்னை மாகாணத்துப் பாதிரிமார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அந்தப் படிகள் 1698 முதல் 1948 வரை, "என்/2" என்ற வரிசையில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வம்சாவளி இணையதளங்களிலும் பார்க்கலாம். படி என்பதை மறக்காதீர்கள். படியெடுத்தவர் தூங்கி வழிந்திருந்தால் உங்கள் முன்னோர் பெயர் மாறியிருக்கும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குத் தேவாலயத்தின் சொந்தப் பதிவேட்டையும் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

பட்டாளத்துக்காரர் என்றால் ரெஜிமென்ட்டே உங்கள் பிடி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப் பட்டியல்கள் அதே நூலகத்தில் "எல்/மில்/11" வரிசையில் இருக்கின்றன. பட்டாளத்தில் இல்லாதவர்களை ஆண்டுதோறும் அச்சான சென்னைப் பஞ்சாங்கங்களின் (ஆல்மனாக் என்ற ஆங்கில ஆண்டு நூல்கள்) குடியிருப்போர் பட்டியலில் தேடலாம். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பெரம்பூர், ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை என்று ரயில் ஊர்கள்தோறும் பதிவுகள் பெருகும்.

இங்கே ஒரு சுவர் வரும், நண்பருக்கும் வந்தது. 1840களின் ஒரு ஞானஸ்நான வரி. தந்தை, பீரங்கிப் படைச் சிப்பாய், ஸ்மித். தாய், மேரி. அவ்வளவுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைகளின் பதிவில் தாய்க்குக் கிறிஸ்தவப் பெயர் மட்டும் இருக்கும். அதுகூட இல்லாமலும் இருக்கும். அனாதை இல்லத்துக்குப் போன குழந்தை என்றால் நிலைமை இன்னும் மோசம். 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்ற சென்னை ஆண் அனாதை இல்லம் இத்தகைய பிள்ளைகளுக்காகவே நடந்தது.

நண்பர் இப்போது ஸ்மித்தை விட்டுவிட்டு மேரியைத் தேடுகிறார். வழி இதுதான்: தம்பதியின் முதல் குழந்தைக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில், அதே படை முகாமின் ஞானஸ்நானப் பதிவேட்டில், வயது வந்தோர் என்று குறித்த வரிகளைப் பாருங்கள். மணமாவதற்குச் சில நாள் முன்பு மதம் மாறிய பெண்ணாக இருந்தால் அங்கே அகப்படுவார். பழைய பெயரையும் எழுதி வைத்த பாதிரியாராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருப்பார், கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது. தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, வாய்விட்டுப் படியுங்கள்.